விட்டுப் பிடிக்கவா, பிடித்தே நிறுத்தவா?

மலைச் சரளையில் ஏபிஎஸ் பிரேக்கை அணைத்துவிட்டு ஓட்டுவது சாமர்த்தியமா, அசட்டுத் துணிச்சலா?

ஸ்பிட்டி பள்ளத்தாக்கின் காஸாவிலிருந்து மணாலிக்குத் திரும்புகிறவர்கள் விடியும்போதே கிளம்பிவிடுவது வழக்கம். தூரம் சுமார் 200 கி.மீ.தான். ஆனால் 4,500 மீட்டருக்கும் மேலே உள்ள குன்சும் கணவாயைத் தாண்டியதும் சாலை என்பது மரியாதைக்காகச் சொல்லும் வார்த்தை ஆகிவிடுகிறது. பாட்டால் வரை கொண்டை ஊசி வளைவுகள். பிறகு சந்திரா நதியை ஒட்டிக் கிராம்பு வரை உருண்டைக் கற்கள், சரளை, குறுக்கே பாயும் பனி ஓடைகள்.

டில்லியிலோ பெங்களூரிலோ ஓட்டிப் பழகியவர் இந்த இறக்கத்தில் முதல் தடவை பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. காலுக்கடியில் பெடல் கடகடவென்று அதிர்கிறது. சக்கரங்கள் உருண்டுகொண்டே இருக்கின்றன. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிச் சில அடி தள்ளிப் போய்த்தான் வண்டி நிற்கிறது. ஒரு பக்கம் அதல பாதாளம் இருக்கும் சாலையில் அந்தச் சில அடிகள் வயிற்றைக் கலக்கப் போதுமானவை.

பிரேக் பழுதாகிவிடவில்லை. அது எப்படி வேலை செய்ய வேண்டும் என்று பொறியாளர்கள் வகுத்தார்களோ அப்படியேதான் வேலை செய்திருக்கிறது. பிரச்னையே அதுதான்.

அன்று இரவு தங்கும் இடத்தில் டீ குடித்தபடி பேசிக்கொண்டிருக்கும் நாலு பேரிடம் இதைச் சொன்னால், அவர்களில் ஒருவராவது, "ஏபிஎஸ்ஸை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்" என்பார். இன்னொருவர் அதைப் பைத்தியக்காரத்தனம் என்பார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

தமிழில் "விட்டுப் பிடி" என்று ஒரு வழக்கு உண்டு. முரண்டு பிடிக்கும் பிள்ளையை ஒரேயடியாக இறுக்காதே, கொஞ்சம் விட்டு, பிறகு பிடி என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஏபிஎஸ் செய்வது இதைத்தான். ஒவ்வொரு சக்கரத்திலும் பல் வைத்த வளையமும் ஒரு சென்சாரும் இருக்கின்றன. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை அவை நொடிதோறும் பல முறை ஒரு சிறு கம்ப்யூட்டருக்குச் சொல்கின்றன. பதற்றத்தில் ஓட்டுநர் பிரேக்கை முழு மூச்சாக மிதிக்க, ஏதாவது ஒரு சக்கரம் சுற்றுவதை நிறுத்திக்கொண்டு அப்படியே இழுபடத் தொடங்கினால், கம்ப்யூட்டர் அந்தச் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைச் சட்டென்று குறைக்கிறது. சக்கரம் உருளத் தொடங்கியதும் மறுபடி அழுத்துகிறது. ஒரு நொடிக்குள் பலமுறை விட்டு விட்டுப் பிடிக்கிறது. பெடலில் தெரியும் அதிர்வு அதுதான்.

இதற்கு இரண்டு காரணங்கள். தார்ச் சாலையில் முழுவதும் இறுகி இழுபடும் டயரைவிட, கொஞ்சம் உருண்டு கொஞ்சம் சறுக்கும் டயருக்குப் பிடிப்பு அதிகம். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. உருளும் சக்கரம்தான் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படும். இறுகிப்போன முன்சக்கரங்களை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி போன திசையிலேயே போகும். 1950களில் விமானங்கள் இறங்கும்போது டயர் வெடிப்பதைத் தடுக்க உருவான யோசனை இது. 1978-ல் போஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ், மெர்சிடஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. 10 ஆண்டுகள் கழித்து பிஎம்டபிள்யூவின் கே100 மோட்டார் சைக்கிளில் ஏறியது. இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்களுக்கும், 125 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கும் இது கட்டாயம். சிறிய வண்டிகளுக்கும் இதை விரிவுபடுத்தும் யோசனையை 2025-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வரைவு அறிவிக்கையாக வெளியிட்டது.

இவ்வளவு நல்ல சாதனம் சரளையில் மட்டும் ஏன் காலை வாருகிறது? காரணம் சரளையின் குணத்தில் இருக்கிறது. ஆழமான தளர்ந்த சரளையில் சக்கரம் இறுகிவிட்டால் அது மேலே சறுக்கிப் போவதில்லை; கலப்பைக் கொழுபோலக் கீழே இறங்குகிறது. தனக்கு முன்னால் கல்லையும் மண்ணையும் அள்ளிக் குவிக்கிறது. அந்தக் குவியலே சக்கரத்துக்கு அடைகல்லாகி வண்டியை நிறுத்த உதவுகிறது. புதிதாக விழுந்த பஞ்சுப் பனியிலும் இதேதான் நடக்கும். ஆனால் ஏபிஎஸ் குவியலைச் சேரவே விடுவதில்லை. சக்கரம் இறுகியதும், ஐயோ சறுக்கல் என்று நினைத்துப் பிடியை விடுகிறது. சக்கரம் தான் குவித்த சிறு மேட்டின் மீதே ஏறி உருண்டு தாண்டுகிறது. மறுபடி குவிக்கிறது, மறுபடி தாண்டுகிறது. பிடித்தே தீர வேண்டிய இடத்தில் விட்டுப் பிடிக்கிறது.

துணியைத் துவைக்கும் பலகைபோல வரி வரியாக மேடு பள்ளம் விழுந்த மண் சாலைகளில் இன்னொரு தொல்லை. சக்கரம் ஒவ்வொரு வரியிலும் துள்ளுகிறது. தரையை விட்டு எழும்பிய கணத்தில் பிரேக் அதை எளிதாக நிறுத்திவிடும். உடனே ஏபிஎஸ் விட்டுக்கொடுக்கிறது. சக்கரம் தரையைத் தொடும்போது பிரேக்கில் போதிய அழுத்தம் இருப்பதில்லை.

இது வெறும் டீக்கடைப் பேச்சல்ல. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1999-ல் வெளியிட்ட சோதனை அறிக்கை, பலவகைத் தளங்களில் ஏபிஎஸ்ஸோடும் அது இல்லாமலும் வண்டிகளை நிறுத்திப் பார்த்தது. பெரும்பாலான தளங்களில் ஏபிஎஸ்ஸே வென்றது. தளர்ந்த சரளையில் மட்டும் ஏபிஎஸ் உள்ள வண்டி நிற்க எடுத்துக்கொண்ட தூரம் சராசரியாகச் சுமார் 27 சதவீதம் அதிகம். அதாவது 20 மீட்டரில் நிற்க வேண்டியது 25 மீட்டரையும் தாண்டி நின்றது.

வாகனத் தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 1980களின் ஆடி குவாட்ரோவில் ஏபிஎஸ்ஸை அணைக்க டாஷ்போர்டிலேயே ஒரு பொத்தான் இருந்தது. 1990-ல் வந்த மெர்சிடஸ் ஜி கிளாஸில் டிஃபரென்ஷியல் பூட்டைப் போட்டால் ஏபிஎஸ் விலகிக்கொள்ளும். ஐ.நா.வின் பிரேக் விதிமுறைகள்கூடக் கரடுமுரடான இடங்களுக்கென்றே செய்யப்பட்ட கனரக லாரிகளில் இப்படிப்பட்ட சுவிட்ச்சை அனுமதிக்கின்றன.

அப்படியானால் அணைத்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் கதை சிக்கலாகிறது. 27 சதவீதம் என்பது நேர்க்கோட்டில் நிற்பதற்கான கணக்கு. மலைப் பாதையில் நேர்க்கோடு எங்கே இருக்கிறது? வளைவில் எதிரே ஒரு லாரி வருகிறது. இறுகிய சக்கரத்தோடு குறைந்த தூரத்தில் நின்றுவிடலாம். ஆனால் நிற்கிற வரை வண்டி ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது, வளைவின் வெளிப்பக்கம்தான் போகும். ஏபிஎஸ் இருந்தால் நிற்க அதிக தூரம் ஆகும். ஆனால் விலகிப் போக வழி இருக்கும். எது தேவை என்பதை ஓட்டுநர் அரை நொடியில் முடிவு செய்ய வேண்டும். ஏபிஎஸ் இல்லாத காலத்தில் ஓட்டியவர்களுக்கு மிதித்து, விட்டு, திருப்பி, மறுபடி மிதிக்கும் வித்தை காலில் இருந்தது. ஏபிஎஸ்ஸோடு ஓட்டப் பழகிய தலைமுறைக்கு அந்தப் பழக்கம் இல்லை. பொத்தானை அணைத்ததும் அது வந்துவிடாது.

சரளை என்ற பெயரில் எல்லாம் ஒன்றும் அல்ல. அடியில் கெட்டித் தரையும் மேலே ஓரடுக்குப் பொடிக்கல்லும் கிடந்தால் குவியல் சேர்வதற்கு ஒன்றுமில்லை. இறுகிய சக்கரம் கோலிக்குண்டுகள்மேல் வைத்த பலகைபோல வழுக்கிக்கொண்டு போகும். கெட்டித் தரைமேல் படிந்த மெல்லிய சேறும் அப்படித்தான். உயரமான கணவாய்களில் விடிகாலையில் கண்ணாடிபோல உறைந்திருக்கும் பனிக்கட்டியில் ஏபிஎஸ்ஸை அணைப்பது ஆபத்தை அழைப்பதற்குச் சமம். ராஜஸ்தான் மணல் மேடுகளிலோ விஷயம் வேறு. அங்கே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மணல் வண்டியை நிறுத்திவிடும். அழுத்தி பிரேக் பிடித்தால் சக்கரத்துக்கு முன் மணல் குவிந்து, மறுபடி கிளப்ப முடியாமல் வண்டி புதையும். ஆக, ஏபிஎஸ்ஸை அணைப்பதால் நன்மை கிடைக்கும் இடம் என்று ஒன்று இருந்தால் அது ஆழமான சரளை, மெதுவான வேகம், நேரான இறக்கம் மூன்றும் சேர்ந்த இடம் மட்டுமே.

இரு சக்கர வாகனத்தில் விதி இன்னும் கறாரானது. கார் சறுக்கினால் நான்கு சக்கரங்களில் நின்றபடி சறுக்கும். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் இறுகிச் சறுக்கினால் ஓட்டுகிறவர் கண் மூடித் திறப்பதற்குள் தரையில் கிடப்பார். அதனால் அணைப்பதென்றால் பின்சக்கரத்தில் மட்டுமே. பின்சக்கரத்தைக் கொஞ்சம் இழுபட விட்டு வேகத்தைக் குறைப்பது, வளைவில் வண்டியின் வாலைத் திருப்புவது ஆகியவை மண் பாதை ஓட்டுநர்களின் பழைய வித்தைகள்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் இதற்கு நல்ல உதாரணம். 2016-ல் ஏபிஎஸ் இல்லாமல் வந்த வண்டி இது. சட்டம் நெருங்கியதும் 2018-ல் இரு சக்கரங்களுக்கும் ஏபிஎஸ் கிடைத்தது. மண் பாதையில் பின் பிரேக் பிடிபடுவதில்லை என்று ஓட்டுகிறவர்கள் முணுமுணுத்தனர். 2020 மாடலில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் அணைக்க ஒரு பொத்தான் வந்தது. முன்சக்கரத்தில் அது எப்போதும் இயங்கும். அதே ஆண்டு வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சரின் ஆஃப்-ரோடு முறையும் இப்படியே. ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 அதற்கு முன்பே, 2019-ல், முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் வைத்து வேலையைச் சுலபமாக முடித்துக்கொண்டது. மூன்று நிறுவனங்களும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன: பின்னால் விடலாம், முன்னால் விடக்கூடாது.

இத்தகைய பொத்தான்களின் உண்மையான புத்திசாலித்தனம் வேறொரு இடத்தில் இருக்கிறது. இன்ஜினை நிறுத்தி மறுபடி சாவியைத் திருப்பினால் இவற்றில் பெரும்பாலானவற்றில் ஏபிஎஸ் தானாகவே உயிர் பெற்றுவிடும். இது பலருக்கு எரிச்சல். ஒவ்வொரு டீக்கடை நிறுத்தத்துக்குப் பிறகும் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கிறதே என்கிறார்கள். ஆனால் மனிதர்கள் எதை மறப்பார்கள் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு இது. அணைக்க மறந்தால் போவது சில அடி. மீண்டும் போட மறந்தால் போவது உயிர்.

பொத்தான் இல்லாத வண்டிக்காரர்கள் கைவைத்தியத்தில் இறங்குகிறார்கள். காரில் ஏபிஎஸ்ஸுக்கான ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது முதல் வைத்தியம். மோட்டார் சைக்கிளை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, கியரில் வைத்துப் பின்சக்கரத்தை மட்டும் சுற்றவிட்டு, ஒரு சக்கரம் ஓடுகிறது இன்னொன்று நிற்கிறது என்று கம்ப்யூட்டரைக் குழப்பி, அதைத் தானாகவே ஒதுங்கவைப்பது இரண்டாவது. வித்தை என்ற முறையில் ரசிக்கலாம். விளைவுகள் ரசிக்கத்தக்கவை அல்ல.

ஃபியூஸோடு ஏபிஎஸ் மட்டும் போவதில்லை. இன்றைய கார்களில் முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பிரித்துக்கொடுக்கும் இபிடி, வண்டி சுழலாமல் காக்கும் இஎஸ்பி ஆகியவையும் பெரும்பாலும் அதே பெட்டியில்தான் வாழ்கின்றன. இபிடி போனால் இறக்கத்தில் பளு முன்பக்கம் சாயும்போது பின்சக்கரங்கள் முதலில் இறுகலாம். பின்சக்கரம் இறுகிய கார் பம்பரமாகும். சில வண்டிகளில் ஸ்பீடாமீட்டரும் நின்றுவிடும். மோட்டார் சைக்கிள் வித்தையிலோ, விடவே கூடாத முன்சக்கர ஏபிஎஸ்ஸும் சேர்ந்தே போய்விடுகிறது.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை அனுமதியின்றி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. மீறுவோருக்கு 2019-ன் திருத்தம் அபராதத்தையும் சிறையையும் சேர்த்தது. ஃபியூஸைப் பிடுங்குவது இதில் அடங்குமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். ஆனால் அந்த வாதம் விபத்துக்குப் பிறகுதான் தொடங்கும்.

நாட்டின் சாலைகளில் 2022-ல் மட்டும் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 44.5 சதவீதம் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஏபிஎஸ் உள்ள மோட்டார் சைக்கிள்களில் உயிர்ப்பலி விபத்துகளின் விகிதம், அது இல்லாத அதே மாடல்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு என்று அமெரிக்கக் காப்பீட்டுத் துறையின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு மையம் கண்டிருக்கிறது. சரளையில் கிடைக்கும் லாபத்தையும் தாரில் வரக்கூடிய நஷ்டத்தையும் எடைபோடும்போது இந்த எண்கள் தட்டில் இருக்க வேண்டும்.

சரி, பொத்தானும் வேண்டாம், ஃபியூஸும் வேண்டாம். அந்த 27 சதவீதத்தை என்ன செய்வது? பள்ளிக்கூட இயற்பியலில் விடை இருக்கிறது. பிரேக் பிடித்த பிறகு வண்டி போகும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். 40 கி.மீ. வேகத்தில் 20 மீட்டரில் நிற்கும் வண்டி 35 கி.மீ. வேகத்தில் சுமார் 15 மீட்டரில் நின்றுவிடும். அந்த 15 மீட்டரோடு ஏபிஎஸ் கேட்கும் 27 சதவீதத்தையும் சேர்த்தால் வருவது 20 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஏபிஎஸ்ஸை அணைத்துப் பெறுகிற லாபம் முழுவதையும், 40-ல் போகிறவர் 35-ல் போவதன் மூலமே பெற்றுவிடலாம். ஸ்டியரிங்கும் கையில் இருக்கும்.

குன்சும் இறக்கத்தில் பிழைப்புக்காக ஓட்டும் உள்ளூர் டாக்சிக்காரர்களைப் பார்த்தால் இந்தக் கணக்கு அவர்களுக்குக் காகிதம் இல்லாமலே தெரிந்திருப்பது புலப்படும். எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பழைய விதி. வண்டியை இன்ஜினே இழுத்துப் பிடித்திருக்கும். பிரேக் பெடலைத் தொடுவதே அபூர்வம். ஏபிஎஸ் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, அதற்கு வேலையே வருவதில்லை. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் லோ ரேஞ்சைப் போட்டால் இது இன்னும் சுலபம். லேண்ட் ரோவர், டொயோட்டா போன்ற நிறுவனங்களின் வண்டிகளில் தரையின் தன்மைக்கேற்பச் சக்கரத்தைச் சற்றுக் கூடுதலாக இறுகவிடும் ஏபிஎஸ் வந்துவிட்டது. எப்போது விட வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் இமயமலைக்குப் போகிறவர்கள் பாடு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மழைக்காலம் முடிந்து சாலை போடும் பருவம் வந்தால் நாடு முழுவதும் ஊருக்கு ஊர் ஜல்லி கொட்டிக் கிடக்கிறது. திருப்பத்தில் சட்டென்று எதிர்ப்படும் அந்தப் பத்து மீட்டர் ஜல்லியில் பொத்தானைத் தேட யாருக்கும் நேரம் இருக்காது. பிரேக் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் நிறுத்தும், பெடல் அதிரும், பயந்துபோய் காலை எடுத்துவிடக்கூடாது என்ற மூன்றையும் முன்பே தெரிந்து வைத்திருப்பதுதான் ஒரே பாதுகாப்பு.

காஸாவிலிருந்து வந்த பயணி மாலைக்குள் கிராம்புவைத் தாண்டுகிறார். கோக்சரில் சக்கரத்துக்கடியில் மறுபடி தார். எதிரே, 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை. நாள் முழுக்க 20-க்கும் 30-க்கும் இடையே ஊர்ந்து அலுத்த கால் ஆக்சிலேட்டரை அழுத்துகிறது. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு சட்டென்று எரிகிறது.

அந்த நேரத்தில் ஏபிஎஸ் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் அவருடைய சட்டைப் பை அல்ல.